மேல்முகாம்

முகாமில் எல்லாருக்கும் அவள் பிளான் அம்மா. காவல் வாசலில் நிற்கிறவரிலிருந்து கர்னல் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கட்டடக்கலை படித்தவள், முகாமின் கட்டுமானப் பிரிவில் இடமும் கட்டடமும் திட்டமிடுகிற வேலைக்குச் சேர்ந்தவள், சீருடை போடாத சிவிலியன் என்பதெல்லாம் அவளுடைய அடையாள அட்டையோடு சரி. சாக்கடை அடைத்துக்கொண்டாலும் "பிளான் அம்மாவக் கேளு." புது வெடிமருந்துக் கிடங்குக்கு இடம் பார்க்க வேண்டுமென்றாலும் "பிளான் அம்மாவக் கேளு."

வெளியில் இருக்கிறவர்களுக்குப் பட்டாளம் என்றால் துப்பாக்கியும் அணிவகுப்பும். அவளுக்கு அது விடியுமுன் ஒரே நேரத்தில் பல் துலக்க வந்து நிற்கிற பெருங்கூட்டம். அத்தனை பேருக்கும் குழாய் வேண்டும், குழாயடித் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும். சமையல்கூடத்துப் புகை ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள் போகக் கூடாது. ஜெனரேட்டர் சத்தம், இரவுக் காவல் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் காதில் விழக் கூடாது. வெடிமருந்துக் கிடங்குக்கு எட்டத்தில் குடும்பக் குடியிருப்பு இருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூட வண்டிக்கு நடந்து போகிற தூரத்திலும் இருக்க வேண்டும். ஒன்றைத் தள்ளி வைத்தால் இன்னொன்று வந்து இடிக்கும். கல்யாண வீட்டில் யாரை யார் பக்கத்தில் படுக்க வைப்பது என்று முழித்துக்கொண்டு நிற்கிற மூத்த மருமகளைப் போலத்தான் அவள் பாதி நாள் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள்.

கட்டுமானப் பிரிவு ஒரு நீளமான தகரக்கூரைக் கட்டடம். மழை பிடித்தால் போனில் பேச முடியாது, பக்கத்து மேசைக்காரரிடம்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். முகாமில் ஒழுகாத கூரைகளாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தவளின் தலைக்கு மேலே ஒழுகும். டிராஃப்ட்ஸ்மேன் அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்திருந்தார். கணினியில் வரையத் தொடங்கி எத்தனையோ காலம் ஆன பிறகும் சட்டைப்பையில் ஸ்கேலைச் செருகிக்கொண்டே திரிந்ததால் அவருக்கு ஸ்கேல் அண்ணன் என்று பெயர். வாளி நிரம்பியதும் எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்து, நம்ம பிளானில் நமக்குத்தான் இடமில்லை என்பார்.

அது உண்மைதான். குடும்பக் குடியிருப்பின் ஒவ்வொரு வீடும் அவள் போட்ட கோடு. இரும்புப் பெட்டியை வைக்க வாசலையொட்டி ஒரு மாடம், நேரங்கெட்ட நேரத்தில் வருகிற மனிதன் பிள்ளைகளை எழுப்பாமல் குளியலறைக்குப் போக ஒரு வழி என்று பார்த்துப் பார்த்துப் போட்டவை. ஆனால் அந்த வீடுகள் அந்த முகாமில் வேலை பார்க்கிற சீருடைக்காரர்களின் குடும்பங்களுக்கு. சிவிலியன்கள் வெளியே வாடகைக்குத்தான் இருக்க வேண்டும். அவள் முகாம் வாசலுக்கு எதிர்த்தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் மகளோடு இருந்தாள். அவள் கணவரும் பட்டாளம்தான். ஆனால் அவர் இருந்தது வேறெங்கோ.

அவர் வயர்லெஸ் பிரிவு. கல்யாணத்துக்கு முன்னால், இதே தகரக்கூரைக்குக் கீழேதான் சண்டைக்கு வந்தார். அவள் புதிதாக இடம் குறித்துக் கட்டவைத்த தண்ணீர்த் தொட்டி அவருடைய ஏரியலுக்கு நேர் எதிரே எழுந்து நின்றது. "உங்க டேங்க் என் சிக்னலக் குடிச்சிடுதுங்க" என்றார். அவள் ஏரியலைத் தள்ளி வைக்கச் சொன்னாள். அவர் தொட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னார். கான்கிரீட் தொட்டியை எப்படித் தள்ளுவது என்று அவள் கேட்க, அதைக் கேட்கத்தான் தினமும் வருகிறேன் என்று தினமும் வந்தார். ஸ்கேல் அண்ணன்தான் இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்.

கல்யாணமான மறுவருஷமே அவருக்கு மாற்றல். சீருடைக்காரரை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள், சிவிலியனை நகர்த்த மாட்டார்கள். அவள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போவதென்றால் அவர் போகிற இடங்களில் பாதிக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அப்படியே வண்டி ஓடிற்று. மகள் பிறந்தாள், நடந்தாள், அப்பா என்றால் விடுமுறைக்கு வருகிறவர் என்று புரிந்துகொண்டாள்.

மூன்று தடவை அவரை மேல்முகாமுக்குப் போட்டார்கள். அது மரமே இல்லாத உயரத்தில் இருந்தது. வண்டியில் அடிவாரம் வரை ஒரு பகல், அங்கே தங்கி மூச்சைப் பழக்கிக்கொண்டு மேலே இன்னொரு பகல். பாதி வருஷம் பனி வழியை மூடிவிடும். அந்த முகாமின் கட்டடங்கள் பழசாகிப் புதிதாகக் கட்டவேண்டி வந்தபோது வரைகிற பொறுப்பு அவளிடம்தான் வந்தது. அவள் அங்கே போனதே இல்லை. ஒரு தடவை கிளம்புகிற நேரத்தில் வழி சரிந்தது, ஒரு தடவை மகளுக்கு அம்மை. அளவைப் படங்களையும் புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, பார்க்காத ஊருக்குப் பாதை சொல்கிறவளைப் போல வரைந்தாள்.

வரைந்த கட்டடத்தில் அவர் போய்ப் படுத்தார். மூன்றாவது பாரக்ஸ், கதவிலிருந்து கடைசிக் கட்டில். தலைமாட்டில் எந்தச் சுவர், கால்மாட்டில் எத்தனை இடம் என்று அவளுக்கு அத்துப்படி. போனில் முகாமைப் பற்றி எதுவும் பேசக் கூடாது, யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர் வீட்டு விஷயம் பேசுகிற மாதிரியே பேசுவார். உன் ஜன்னலுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். அடுத்த தொகுதி பாரக்ஸ் வரையும்போது அவள் ஜன்னலை மறுசுவருக்கு மாற்றினாள். இங்கே யார் காலும் காய்வதே இல்லை என்றார் ஒருநாள். அவள் யோசித்து, ஹீட்டர் புகைக்குழாய் போகிற வழியையொட்டிக் காலுறையும் பூட்ஸும் காயப்போட ஓர் அறையைச் சேர்த்தாள். தலைமையகத்தில் வீண் செலவு என்றார்கள். கர்னலைப் பிடித்துக்கொண்டு போராடித்தான் அதை வாங்கினாள். அந்தக் குளிர்காலம் அவர் போனில், "உன் புது ரூம்ல எல்லாப் பயலும் குந்திக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அவருடைய பணிக்காலம் முடிய ஒரு குளிர்காலம்தான் பாக்கி. வந்துவிட்டால் இனி போக வேண்டியதில்லை. அவள் மாடியின் முன்பக்கத்துக்கு இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டாள். அலுவலகத்திலிருந்து திரும்புகையில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே படியேறுவாள். படியேறும்போது சும்மாவாவது செருப்பைச் சத்தமாக வைப்பாள்.

அந்தக் கடைசிக் குளிர்காலத்தில்தான் அவர் போனில் எதையோ பேசிக்கொண்டு வந்தவர், நடுவில், "மெஸ் கதவு சாத்த மாட்டேங்குது. இழுத்து இழுத்துப் பாக்குறாங்க. மரம் ஊறிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

அவள் பதில் சொன்னாளே தவிர மனம் அங்கே இல்லை. அந்தக் கதவு இரும்புக் கதவு, மரம் என்றது கேட்டுக்கொண்டிருப்பவனுக்காக. இரும்பு எங்கே ஊறும்? சட்டம் கோணினால்தான் கதவு சாத்தாது. சுவர் அசைந்தால்தான் சட்டம் கோணும். சுவர் அசைகிறதென்றால் கீழே தரை நகர்கிறது. மறுநாள் காலை அவள் கர்னலின் அறை வாசலில் அவருக்கு முன்னாலேயே போய் நின்றாள். ஒரு கதவை வைத்துக்கொண்டு ஒரு மலையையே சந்தேகப்படுகிறீர்களே அம்மா என்றார் அவர். ஆனாலும் செய்தி அனுப்பினார். பனி விலகியதும் அளவைக்காரர்கள் போனார்கள். மெஸ்ஸுக்குக் கீழேயிருந்து மூன்றாவது பாரக்ஸ் வரைக்கும் தரை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பனிக்கு முன்னால் முகாமை மலைமுதுகுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மேட்டுக்கு மாற்றியாக வேண்டும் என்று முடிவாயிற்று.

கர்னல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கையில் டீ டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது.

"கூடவே இருந்து இடம் பாத்து, அங்கேயே வரைஞ்சு, அங்கேயே கட்டணும். வழி மூடுறவரைக்கும். கட்டாயப்படுத்தல. நீங்க சிவிலியன். முடியாதுன்னா தலைமையகத்துலேருந்து ஒருத்தரை அனுப்புவாங்க. நல்ல பையன்தான். பனியப் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல சார்."

"நீங்க பாக்காமலே வரைஞ்சீங்க. அவங்க எல்லாரும் அந்தக் கட்டடத்துல உயிரோட இருந்தாங்க" என்றார் கர்னல். பிறகு, உங்கள் வீட்டுக்காரர் வருகிறார் இல்லையா, வரட்டும், பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று குரலைத் தணித்துக்கொண்டார்.

வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் முதலில் குப்பென்று கிளம்பியது சந்தோஷம். இத்தனை வருஷமாகக் காகிதத்தில் மேய்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்ற சந்தோஷம். அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. அந்த மனிதர் வருகிற நேரத்தில் தனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று.

அவர் ஒரு மழைநாளில் இரும்புப் பெட்டியும் சுருட்டிய படுக்கையுமாக வந்து இறங்கினார். முகம் கறுத்து, கன்னத்துத் தோல் காய்ந்து வெடித்திருந்தது. மகள், "வாங்கப்பா" என்று பெட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டவளைப் பார்த்து அவர் ஒரு விநாடி தயங்கி, தோளில் தட்டினார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் ரொம்பச் சிரித்தார்கள். ஒவ்வொரு பேச்சையும் அவர் வயர்லெஸ்ஸில் முடிக்கிற மாதிரி "ஓவர்" என்று முடிக்க, மகளும் "ஓவர்" என்றாள்.

அதற்கப்புறம்தான் சங்கடம் தொடங்கியது. அவர் யாரும் எழுமுன் எழுந்து, போர்வையைச் சதுரமாக மடித்துக் கட்டிலின் காலடியில் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். டீ போடட்டுமா என்று அவளிடம் அனுமதி கேட்பார். சர்க்கரை எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, சர்க்கரை இல்லாமல் குடிப்பார். வீட்டிலிருந்த ஸ்விட்சுகளையெல்லாம் கழற்றிச் சரிசெய்தார், ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார், பேசாமல் கிடந்த ரேடியோவைப் பேச வைத்தார். அதற்குப் பிறகு பழுதென்று வீட்டில் ஒன்றும் இல்லை. முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்து எதிரே முகாமின் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படியேறி வரும்போது, அவள் நினைத்திருந்தபடியேதான் இருந்தார். ஆனால் அவள் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார், யாரோ மேலதிகாரி வந்த மாதிரி.

மகள் ஒரு சிநேகிதி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று அடிக்கடி கிளம்பினாள். வீட்டில் இருந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டிலில் அவர் ஓரத்தோடு ஒட்டிப் படுத்தார், ஒற்றை ஆளுக்கான கட்டிலில் படுத்துப் பழகிய உடம்பு. அவளும் தன் ஓரத்தில் படுத்துப் பழகியவள். நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் சும்மா கிடந்தது. ஒரு சாண் இடத்தையும் வீணாக்காதவள் என்று பெயரெடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

கர்னல் சொன்ன விஷயத்தை அவள் சொல்லவில்லை. வந்த களைப்பு தீரட்டும் என்றிருந்தாள். களைப்பு தீர்ந்ததும், கொஞ்சம் பழகட்டும் என்றிருந்தாள். கர்னல் இரண்டாம் முறை ஜாடையாகக் கேட்ட பிறகுதான் இனி தள்ள முடியாது என்று தெரிந்தது.

மழை விடாததால் துணிகளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். கட்டில் விரிப்பை மடிக்க ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவர் வந்து பிடித்தார்.

"மேல்முகாம மாத்துறாங்க" என்றாள்.

"தெரியும். நான் கீழ எறங்குறப்பவே சர்வே ஆளுங்க டென்ட் போட்டுட்டாங்க."

"என்னப் போகச் சொல்றாங்க. வழி மூடுறவரைக்கும்."

அவர் விரிப்பின் முனையை விடவில்லை. இரண்டு பேரும் நடுவுக்கு வந்து மடிப்பைச் சேர்த்தார்கள்.

"எப்போ?"

"அடுத்த வாரம் வண்டி. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"வேணாம்னும் சொல்லலியே" என்றார். மடித்த விரிப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று முழுக்க முகாமின் வெளிமதிலைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். ஸ்கேல் அண்ணன் வழியில் பார்த்து டீக்கு இழுத்தாராம், வரவில்லையாம். இருட்டுமுன் நனைந்து வந்தவர், பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று பயம்.

காலையில் அவர் இரண்டு டம்ளரில் டீயோடு வந்து முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற நாற்காலியைக் காலால் இழுத்துக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. எதிரே முகாமில் பரேடு மைதானத்தில் தேங்கிய தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

"நீங்க வேணாம்னு சொன்னா நான் போகலங்க" என்றாள்.

"அதத் தூக்கி என் தலைமேல வெக்காத."

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், குளிர்தேசத்துப் பழக்கம்.

"எனக்குக் கோவம் இருக்கு. இல்லைனு சொன்னா பொய். இத்தன வருஷமா எத நெனச்சுக்கிட்டு அங்க கெடந்தேன்? வந்தா நீ இருப்ப. அது ஒண்ணுதான். வந்தேன். வீட்டுக்கு வந்தா, வீடு கெளம்பிப் போகுது." சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். "எல்லாம் என் வாய்தான். ஒரு கதவு சாத்தலன்னு சொன்னேன். அது என் பொண்டாட்டியவே கூட்டிக்கிட்டுப் போகுது."

"நீங்க சொல்லலன்னா அந்த மெஸ் மொத்தமா எறங்கியிருக்கும்."

"தெரியும்மா. அதனாலதான் கோவத்த எங்க வெக்கறதுன்னு தெரியல."

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அங்க கடைசிக் கட்டில்ல படுத்திருப்பேன். செவுத்துல கைய வெச்சா சில்லுனு இருக்கும். இது அவ போட்ட கோடுன்னு நெனச்சுப்பேன். இந்த ஜன்னல எங்க வெக்கிறதுன்னு அவ ஒருநாள் பூரா யோசிச்சிருப்பா, பென்சிலக் கடிச்சிருப்பான்னு. பக்கத்துக் கட்டில்காரன் கேப்பான், என்னய்யா தெனமும் செவுத்தத் தடவுறன்னு. ஈரம் இருக்கான்னு பாக்குறேன்னு சொல்லுவேன். உன்கிட்ட இதெல்லாம் போன்ல எப்படிச் சொல்றது? எவனாவது கேட்டுக்கிட்டிருப்பான்." டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க இருந்தவரைக்கும் நான் உன்கூடதான் இருந்தேன். இங்க வந்துதான் உன்னத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"நானும் அங்கதாங்க இருந்தேன்" என்றாள். "காலையில ஆபீஸ் போனா மேல்முகாம், சாயந்திரம்தான் எறங்கி வீட்டுக்கு வருவேன். பாக்காத எடத்துல எத்தன வருஷம்தான் குடியிருக்குறது?"

"உனக்குப் போகணும்னு இருக்கா? கர்னலுக்காக இல்ல, அந்தப் பசங்களுக்காகவும் இல்ல. உனக்கு."

"இருக்கு."

"அதச் சொல்றதுக்கு இத்தன நாளா?"

"சொன்னா, நீங்க வந்தது எனக்குப் பிடிக்கலன்னு ஆயிடுமோன்னு..."

அவர், அவள் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்துத் தொட்டுப்பார்த்தார். ஆறியிருந்தது. சுட வைத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார். சர்க்கரை டப்பாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. அவள் இங்கிருந்தே மேல்தட்டில் என்றாள்.

அன்று அலுவலகம் போனதும் கர்னலிடம் சரி என்று சொல்லிவிட்டாள். ஸ்கேல் அண்ணன் வாளியைக் கொட்டிவிட்டு வந்து, தன் சட்டைப்பையிலிருந்த ஸ்கேலை எடுத்து அவள் பையில் செருகினார். அங்கே கணினி உறைந்துபோகும் அம்மா, இது உறையாது என்றார்.

வரைபடங்களை வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. அவளுக்கோ அந்த மேட்டைப் பற்றி ஆயிரம் கேட்க வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அவர் தன்னுடைய கம்பளிப் போர்வையை எடுத்துக் கட்டிலில் உதறிப் போட்டார். அடியில் தலையணையைச் செருகினார், பக்கத்தில் மகளின் பழைய புத்தகங்களை அடுக்கினார், கம்பளியை மேலே இழுத்து விரலால் அழுத்தி அழுத்தி மடிப்பு வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் ஒரு மலை எழுந்தது.

"இதுதான் முதுகு. இது பழைய முகாம். இந்தா, இங்கதான் தரை எறங்குது. நீ போற மேடு இந்தப் பக்கம்."

அவள் தரையில் மண்டியிட்டு, கம்பளியின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்தாள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டாள். அவர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். முதுகைத் தாண்டும்போது காற்று இரண்டாகப் பிரியும், இந்த மடிப்புக்குள்தான் பனி வந்து குவியும், இங்கே மட்டும் எதையும் கட்டிவிடாதே என்றார். தண்ணீர் எங்கே என்று கேட்டாள். எந்த மாதம் என்று திருப்பிக் கேட்டார். சத்தம் கேட்டு மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நிலைப்படியில் சாய்ந்து நின்றவள், வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் மலை சரிந்தது.

"ஏய், ஒரு பட்டாலியன மூடிட்ட" என்றார் அவர்.

மகள் சிரித்துக்கொண்டே மடிப்பைத் திரும்ப எடுத்துவிட்டாள். "இதுல நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

அவர் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிப் பிய்த்து, கம்பளியில் ஓரிடத்தில் வைத்தார். இங்கிருந்துதான் உன்னோடு பேசுவேன் என்றார். உனக்கு அம்மை போட்டபோது, நீ முதல் பரிசு வாங்கியபோது எல்லாம் இங்கிருந்துதான். மகள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இவ்வளவு சரிவான இடத்திலா நின்றீர்கள் என்று கேட்டாள். அவர் அந்த இடத்துக்கு வழி எப்படிப் போகும், ஏரியல் கம்பியில் பனி கட்டிக்கொண்டால் எப்படித் தட்டிவிடுவார்கள், தட்டப்போன ஒருவனுடைய கையுறை கம்பியோடு ஒட்டிக்கொண்டு அவன் கையை உருவிக்கொண்டு ஓடியது எல்லாம் சொன்னார். மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தபடியே ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். படுக்கிற நேரம் வந்தும் மலையைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். பாய் சின்னது. ஓரம் என்று ஒன்று யாருக்கும் கிடைக்கவில்லை.

கிளம்புகிற அன்று முகாம் வாசலில் லாரி நின்றது. அவள் பெட்டியை அவர்தான் கட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே காலுறைகள். கூடவே, தண்ணீரைச் சுட வைக்காமல் குடிக்காதே, படியேறுகிற மாதிரி நடக்காதே, மாடு அசைபோடுகிற மாதிரி நட என்று ஆயிரம் புத்திமதி. லாரியில் பெட்டியை ஏற்றியதும் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. கயிற்று முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். டிரைவரிடம் டயரைப் பற்றி என்னமோ கேட்டார். போகிறவராகவே இருந்து பழகிய மனிதருக்கு நிற்கிறவராக நிற்கத் தெரியவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது, எப்போது கையசைப்பது, வண்டி திரும்பிய பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நிற்பது என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. சொல்லிக்கொடுக்க நேரமில்லை.

"சாப்பிட்டுப் போன் பண்ணு" என்றார்.

"பண்றேங்க."

லாரி கிளம்பியது. மகள் கையசைத்தாள். அவர் சல்யூட் அடிக்கப் போவது போலக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டார்.

வழியெல்லாம் மலை ஏறியது, மரங்கள் குட்டையாயின. அடிவாரத்துத் தங்குமிடத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே நின்றது. அதற்கு மேலே கைபேசி எடுக்காது, அவர் பேசிவந்த முகாமின் கம்பித் தொடர்புதான் என்றார்கள். கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள். பின்னால் கரகரவென்று எதையோ தரையில் இழுக்கிற சத்தம்.

"என்னடி சத்தம்?"

"அப்பா பீரோவ இழுத்துக்கிட்டிருக்காரு."

"பீரோவயா? எதுக்கு?"

"நீ போனப்புறம் ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருந்தாரு. அப்புறம் என்கிட்ட வந்து, நான் கெளம்பிப் போனா அம்மா என்ன பண்ணுவான்னு கேட்டாரு. சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"நீங்க ஒவ்வொரு தடவ போனதும் அம்மா வீட்டுல இருக்குற எல்லா சாமானையும் எடம் மாத்தும்ப்பா, கட்டில் மேசை எல்லாத்தையும்னு சொன்னேன்." மகள் குரலைத் தணித்தாள். "நீங்க உக்காந்த எடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு மாத்தும்னு சொன்னேன்."

அவள் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பெருக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் மகளிடம் சொல்லியிருந்தாள். சின்னப் பெண் நம்பிவிட்டாள் என்றே இத்தனை வருஷமும் இருந்தாள்.

போனுக்குள் மகள் யாரையோ அதட்டினாள். "அப்பா, அந்தப் பக்கம் தூக்காத. கால்ல போட்டுக்குவ. இரு, நான் வர்றேன்." பிறகு இவளிடம், "அம்மா, நீ லைன்லயே இரு. எங்க வெக்கிறதுன்னு உன்னக் கேக்கச் சொல்றாரு. ஜன்னலோரமா, இல்ல கதவுப் பக்கமான்னு."

லாரியிலிருந்து சாமான் இறக்கச் சொல்லி யாரையோ யாரோ கூப்பிட்டார்கள். மேலே கடைசி வெளிச்சத்தில் பனி தெரிந்தது. அவளுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு மூலையின் அளவும் தெரியும். பீரோ எங்கே நின்றால் கதவு முட்டாது, எங்கே நின்றால் வெளிச்சம் மறைக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"அவருக்கு எங்க தோணுதோ அங்க வெக்கச் சொல்லு" என்றாள்.